பிளாஸ்திரி ஒட்டிய மூலை

செல்போன் ஆட்டத்தில் நீளக் கட்டைதான் வந்தது, குப்புராஜ் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார், அதற்காகவே இடது ஓரத்தில் கிணறு மாதிரி ஒரு சந்து விட்டு மற்றதையெல்லாம் அடுக்கி வைத்திருந்தார், வரட்டும் என்று விட்டார், பாதி வழி இறங்கியபோது அது சதுரமாக இருந்தது. மாறியதைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. முதலில் நீளம், பிறகு சதுரம், நடுவில் அவர் நினைவில் ஒன்றுமே இல்லை. சதுரம் போய்ச் சந்தின் வாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. செல்போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார், கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்து மாட்டினார், மறுபடியும் பார்த்தார், சதுரம்தான். தொழிலாளர் துறை அலுவலகத்தின் மாடித் தாழ்வாரத்தில் பெஞ்சைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள், காத்திருந்தவர்களின் தலை எண்ணெய் சுவரில் கறுப்பு வட்டங்களாகப் படிந்திருந்தது, அதில் ஒன்று நிச்சயம் தன்னுடையது, இந்த ஊரில் இந்தப் பெஞ்சில் தன்னைவிட அதிகம் காத்திருந்தவன் எவன். பக்கத்தில் பிலோமினா காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். சங்கத்தின் இணைச் செயலாளர், திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் மெஷினை விட்டு வந்தவள், கெட்டிக்காரி, ஆனால் துண்டறிக்கை எழுதினால் மூன்று வரிக்கு மேல் ஓடாது. கீழே புங்கமரத்தடியில் கேண்டீன் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பம்ப்செட் கம்பெனி கேண்டீனில் இட்லி ஊற்றியும் அண்டா கழுவியும் காலம் தள்ளியவர்கள், புதுக் காண்ட்ராக்டர் வந்ததும் வயசான கை வேண்டாம் என்று வெளியே நிறுத்திவிட்டான். இன்றைக்குச் சமரசப் பேச்சு. இன்றைக்கு வழி பிறக்காவிட்டால் புது ஆட்களே நிரந்தரம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. பேச வேண்டியவர் குப்புராஜ். மரத்தடியில் முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்த நெட்டையான அம்மாவின் பெயர் தொண்டை வரைக்கும் வந்துவிட்டு உள்ளே போகிறது. காலையில்கூடச் சொல்லிக் கூப்பிட்டார். கூப்பிட்டாரா? அந்த அம்மா திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது, என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்பதுதான் இல்லை.

இது யாருக்கும் தெரியாத பழக்கம். எந்தப் பேச்சுவார்த்தைக்குப் போனாலும் அதற்கு முன்னால் ஒரு ஆட்டம். கண்ணும் கையும் ஒத்துப்போனால் நாக்கும் ஒத்துப்போகும் என்பது அவர் வைத்திருந்த சோதனை. இதற்கு எந்தத் தத்துவத்திலும் இடமில்லை, வேறு எவனாவது செய்திருந்தால் மூடநம்பிக்கை என்று அவரே அறிக்கை போட்டிருப்பார், போட்டும் இருக்கிறார். பல வருஷத்துக்கு முன் செல்வநாயகி மில் என்ற பஞ்சாலையின் வேலைநிறுத்தத்தில் பந்தலுக்கு முதன்முதலாக அந்தப் பொம்மை வந்தபோது, தோழர் ஆறுச்சாமி நடைபாதைக் கடையில் வாங்கிவந்த பிரிக் கேம், சாம்பல் நிறம், மஞ்சள் பொத்தான், நூறு பேர் தலை அதன்மேல் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்து அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அன்றைக்கே சைக்ளோஸ்டைலில் ஒரு பக்கம் அடித்தார், தோழர்களே எச்சரிக்கை, உங்கள் கையில் இருப்பது முதலாளித்துவத்தின் கிலுகிலுப்பை. அறிக்கையை விநியோகித்துவிட்டுக் கூட்டம் கலைந்த பிறகு, எதிரியின் ஆயுதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டாமா என்று கையில் வாங்கினார், திருப்பித் தரவில்லை. ஆனால் ஒன்று, அந்தப் பந்தலில் எதுவும் ஒழுங்கில்லாமல் நடந்தது கிடையாது. ஆட்டத்துக்கும் விதி வேண்டும் என்று பொதுக்குழுவில் வைத்துக் கை தூக்கி நிறைவேற்றினார்கள். சதுரத்துக்கு முதலாளி என்று பெயர், எப்படித் திருப்பினாலும் அப்படியே இருக்கும். நெளிந்த கட்டை இரண்டுக்கும் மேஸ்திரி, ஒருத்தன் வலது பக்கம் வளைவான், ஒருத்தன் இடது பக்கம். நீளக் கட்டை ஸ்பிண்டில், நூல் சுற்றும் கதிர். போலீஸ் வந்தால் ஒழிய ஆட்டத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. தொட்டால் முடிந்தது, அதாவது கட்டை கீழே தொட்ட பிறகு கையை எடுத்துவிட வேண்டும், ஆறுச்சாமி மாதிரி தொட்ட பிறகும் கடைசி நொடியில் ஓட்டைக்குள் இடித்துத் தள்ளுவது கருங்காலித்தனம். பக்கத்துப் பந்தல்காரர்கள், வேறு கொடி, அவர்கள் அதைத் திறமை என்றார்கள், கூட்டுப் போராட்டத்தன்று ஆளுக்கு ஆள் சட்டையைப் பிடித்தார்கள், கூட்டுக்குழு உடைந்ததற்கு இரண்டு சங்கமும் அறிக்கையில் வேறு காரணம் எழுதின. அப்புறம் அந்த மூலைப் பெட்டி. வலது மேல் மூலையில் அடுத்து வரப்போகும் கட்டையைக் காட்டும் பெட்டி. அடுத்தது என்ன என்று தெரிந்துகொண்டு ஆடுவது நிர்வாகத்தின் ஆட்டம், தொழிலாளிக்கு அடுத்தது எப்போது தெரிந்தது, எனவே அதை மூடுக என்று தீர்மானத்தை முன்மொழிந்தவர் குப்புராஜ். முதலுதவிப் பெட்டியில் இருந்து ஒரு துண்டு பிளாஸ்திரி எடுத்து ஒட்டினார்கள். பந்தலைப் போலீஸ் பிரித்த அன்றைக்குப் பொம்மை அவர் பையில் இருந்தது, அதற்குப் பிறகு எத்தனை பேச்சுவார்த்தை, எத்தனை டீக்கடை பெஞ்சு, பிளாஸ்திரி நைந்தால் புதுசு ஒட்டிக்கொள்வார். போன வாரம் அதன் திரை செத்துப்போனது. செல்போன் கடைப் பெண், இதிலேயே இருக்குங்க அய்யா என்று ஏற்றிக் கொடுத்தாள். செல்போனில் பிளாஸ்திரி ஒட்ட முடியாது, ஒட்டினால் பேச்சு கேட்காது. அதனால் வலது கட்டைவிரலை அந்த மூலைப் பெட்டியின்மேல் வைத்துக்கொண்டு இடது விரலால் ஆடினார். விரல் வலித்தால் எடுத்து மறுபடி வைத்தார்.

புது ஆட்டத்தைத் தொடங்கினார். நடுவில் மூக்கு நீட்டிய மூக்குக் கட்டை வந்தது, மேஸ்திரி வந்தது, மேஸ்திரியை வலப்பக்கம் கொண்டுபோகிறார், விரலை எடுத்து உதறிவிட்டு மறுபடி மூலையில் வைக்கிறார், கையில் இருப்பது ஸ்பிண்டில். சரி, நிதானம். கீழே தொட்டதும் கையை எடுத்தார், தொட்ட கட்டை உடனே இறுகாமல் ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றது, பழையதில் தொட்டால் டக்கென்று அடங்கிவிடும், இங்கே நிற்கிறது, நிற்பது கட்டையா அல்லது தன் மூளைக்குச் செய்தி வந்து சேரத் தாமதமா. சுவரோரம் இடம் இல்லாவிட்டால் கட்டை திரும்பாது, அது சத்தியம், இங்கே சுவரை உதைத்துக்கொண்டு திரும்புகிறது. பழையதில் ஸ்பிண்டிலுக்காகச் சாகும்வரை காத்திருக்கலாம், வராது, இங்கே ரேஷன் கடை மாதிரி எல்லாக் கட்டையும் சுற்றுக்கு ஒரு தடவை வந்துவிடுகிறது என்று கொஞ்ச நேரம் தோன்றியது, அந்த முறைகூட அடிக்கடி குழம்பிப்போகிறது, வந்த கட்டை வராததாகவும் போன கட்டை போகாததாகவும். மேலே வரிசையாக ஏதோ சின்னச் சின்னப் படம் ஓடியது, விளம்பரம், எதில்தான் விளம்பரம் இல்லை. காலையில் பஸ் நிறுத்தத்தில் நின்றார், நின்றுகொண்டே இருந்தார், ஒருவன் வந்து நிறுத்தத்தை அந்தப் பக்கம் மாத்தியாச்சுங்களே என்றான், எப்போது என்று கேட்டார், வருஷமாச்சுங்க என்றான். வருஷமாகவா? அப்படியானால் போன வாரம் எங்கே ஏறினார்? போன மாதம் பொதுக்குழுவில் அறிக்கையை வாசித்து முடித்தார், எல்லோரும் அசையாமல் இருந்தார்கள், சரி கவனமாகக் கேட்கிறார்கள் என்று நினைத்தார், பிலோமினாவின் முகத்தைப் பார்த்தபோதுதான் அதை அவர் இரண்டாம் முறை வாசித்திருக்கிறார் என்று பட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சொல்லாமல் விடுவது எப்போதிலிருந்து வந்த வழக்கம்? அவர் காலத்தில் தலைவன் உளறினால் பின்வரிசையில் இருந்து ஒருத்தன் எழுந்து, உக்காருங்க தோழர், போதும் என்பான். அது மரியாதை. இந்த மௌனம் இருக்கிறதே, இது ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றி நிற்பவர்களின் மௌனம். விரல் மூலையில் பட்டது, மூக்குக் கட்டை முதலாளியாகிவிட்டது. அடுக்கு உச்சியை இடித்து ஆட்டம் முடிந்தது. கண்ணெதிரே நடப்பதே இப்படி நழுவினால் உள்ளே போய் அதிகாரி மேடம் முன்னால் எந்த வாக்கியம் எதுவாக மாறும்? மரத்தடியில் இருக்கும் அவ்வளவு பேரின் சோற்றை எந்த ஓட்டையில் போட்டு அடைப்பார்?

"பிலோமி."

"சொல்லுங்க தோழர்."

"நீயே பேசிடு."

அவள் காகிதத்தில் இருந்து தலையைத் தூக்கினாள். "என்னங்க தோழர், வெளையாடறீங்களா?"

"வெளையாடலை. தொண்டை சரியில்லை."

"போன வாரம் நான் பேசட்டுமான்னு கேட்டதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டீங்க. சமரசப் பேச்சு என்ன, பனியனுக்குக் கை வெச்சுத் தைக்கறதான்னு கேட்டீங்க. மறந்துட்டீங்களா?"

மறந்துதான் போயிருந்தது. இப்படிச் சொல்லக்கூடியவர்தான் தான் என்று மட்டும் தெரிந்தது. "மறக்கலை," என்றார். "அப்ப அது சொன்னேன், இப்ப இது சொல்றேன். கட்டுப்பாடு இருக்கில்ல, சொன்னாச் செய்."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், அந்த ஆஸ்பத்திரிப் பார்வை, அப்புறம் காகிதங்களை முழங்காலில் தட்டி ஒழுங்காக்கிக்கொண்டு எழுந்தாள். "சரிங்க. கீழ போய் அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தர்றேன். உங்களத்தான் நம்பி உக்காந்திருக்காங்க, திடீர்னு நான் நின்னா பயந்துக்குவாங்க." படியிறங்கும் செருப்புச் சத்தம் கேட்டது. முடிந்தது. இவ்வளவுதான். ஜெயில் முடக்கவில்லை, மேஸ்திரி ஆட்கள் தலையில் போட்ட போடு முடக்கவில்லை, ஒரு பொம்மை சொல்லிவிட்டது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தார், பசிதான் வந்தது. விரல் தன் பாட்டுக்கு அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிவிட்டது. எதிர்ப் பெஞ்சில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இளைஞன் உட்கார்ந்திருந்தான், பம்ப்செட் கம்பெனியின் பணியாளர் அதிகாரி, பிரசன்னா என்று பெயர், கேட்டில் பெண்களை நிறுத்தியபோது வந்து குடை பிடித்துக்கொண்டு நின்றவன் இவன்தான், தன் தலைக்கு மட்டும். இவனுக்கு எதிராகத்தான் இன்றைக்குப் பேச வேண்டியிருந்தது. அவன் வெகுநேரமாக அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கட்டும், எதிரி எப்போதும் கையைத்தான் பார்ப்பான்.

"அய்யா, தப்பா நெனைக்காதீங்க," என்றான் அவன். "அந்தக் கட்டைவிரல எதுக்கு அங்க வெச்சிருக்கீங்க?"

"ஏன், அதையும் காண்ட்ராக்டுக்கு விடப்போறீங்களா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து வந்து பக்கத்தில் குனிந்தான், ஷாம்பு வாசனை. "இல்லீங்க அய்யா, அது ஹோல்டு. அத விரல் தொட்டா கையில இருக்கற கட்டை உள்ள போயிரும், உள்ள இருக்கறது வெளிய வரும். நீங்க தொட்டுத் தொட்டு மாத்திட்டே இருக்கீங்க."

"அது அடுத்தது காட்டற பெட்டி."

"அடுத்தது மேலங்க. இதா, வரிசையா ஓடுது பாருங்க."

"அது விளம்பரம்."

"விளம்பரமா!" என்றவன் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "எதுக்குங்க அய்யா அடுத்தத மறைக்கறீங்க?"

"விதி."

"யாரு போட்டது?"

"பொதுக்குழு."

பிரசன்னா இதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொண்டு தலையாட்டினான். "எங்க ஹாஸ்டல்ல வேற மாதிரிங்க. எல்லாத்தையும் பாத்துக்கலாம், ஆனா ஹோல்டத் தொட்டா அவுட்டு. வந்தத வெச்சு ஆடறவன்தான் ஆம்பளைம்பாங்க. அப்பறம் கீழ விழுந்ததுக்கப்பறம் சுத்திச் சுத்தி உள்ள நொழைக்கறது இருக்குதே, அதுக்குத்தான் எங்ககிட்ட கூடுதல் மார்க்கு."

"விழுந்ததுக்கப்புறமா? அது கருங்காலித்தனம்பா."

"அதான் வித்தைங்க அய்யா. அதுக்குத்தான் அது ஒடனே எறுகாம நிக்குது."

குப்புராஜ் விரலை எடுத்தார். ஸ்பிண்டில் வந்தது, ஸ்பிண்டிலாகவே இறங்கியது, ஸ்பிண்டிலாகவே சந்துக்குள் போய்ச் சேர்ந்தது, நான்கு வரிசை பளிச்சென்று அழிந்தது. இன்னொரு முறை பார்த்தார், மேஸ்திரி மேஸ்திரியாகவே இருந்தான். நெஞ்சுக்குள் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. புத்தி எங்கேயும் போகவில்லை, விரல்தான், வெறும் விரல். விதியை மாற்றிவிட்டு ஒருத்தனும் சொல்லவில்லை, அவ்வளவுதான் சங்கதி. பஸ் நிறுத்தமும் அப்படித்தான், மாற்றியவன் ஒரு தட்டி எழுதி வைத்திருக்க வேண்டாமா. அறிக்கையை இரண்டு தடவை வாசித்ததுகூட, நல்ல அறிக்கையாக இருந்தால் எத்தனை தடவை வாசித்தால் என்ன, அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஷிப்டுக்கும் வாசித்தோம். சரியாகப் போய் உட்கார்ந்துகொண்டே வந்தது ஒவ்வொன்றும், ஒன்றின்மேல் ஒன்றாக, தன் காரணங்கள் இவ்வளவு நேர்த்தியாக அடுக்கிக்கொள்ளும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. அந்த நெட்டையான அம்மாவின் பெயர் மட்டும் வரவில்லை, அது பெயரின் குற்றம். எதிரி வாயாலேயே சான்றிதழ் வாங்கியாகிவிட்டது, இவனை இப்போது உள்ளே வைத்துக் கிழித்தால் பாவமாகத்தான் இருக்கும், கிழிக்கத்தான் வேண்டும். பிலோமினா மூச்சு வாங்கப் படியேறி வந்தாள், அதே நேரத்தில் உள்ளே இருந்து அழைப்பு வந்தது.

"நானே பேசறேன்," என்றார்.

"தொண்டை சரியில்லைன்னீங்க?"

"சரியாப் போச்சு."

"அவங்ககிட்ட நான் பேசறேன்னு சொல்லிட்டு வந்துட்டனுங்களே தோழர்."

"நல்லாப் பேசறவன் பேசினா அவங்களுக்குக் கசக்குமா? வா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். காகிதங்களை அவரிடம் நீட்டினாள், அவர் வாங்கவில்லை, காகிதம் பார்த்துப் பேசிய ஆள் இல்லை அவர். அறையில் ஏசி போட்டிருந்தது. நீளமான மேஜை, அதற்கு அந்தப்பக்கம் அதிகாரி அம்மா, இந்தப்பக்கம் பிரசன்னா, மேலே மின்விசிறி ஓடாமல் தொங்கியது. இந்த மேஜை தெரியும், இந்தக் குளிர் மட்டும் புதுசு. பிலோமினா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள், அவர் உட்காரவில்லை. நின்றுதான் பேசுவார். சொல்லுங்க சார் என்று அதிகாரி அம்மா சொன்னதும் ஒரு கணம் எல்லாம் வெறுமையாக இருந்தது, வெள்ளை, ஒரு சத்தமும் இல்லை, பிறகு எங்கிருந்தோ முதல் வாக்கியம் வந்து நின்றது, முழுசாக, வார்த்தைக்கு வார்த்தை பளபளவென்று, அதன் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது, மூன்றாவது. அப்பாடா. குரல் வயிற்றில் இருந்து எழுந்தது. கதவடைப்பு சட்டவிரோதம் என்றார். இரண்டாவது ஷிப்டை நிறுத்தியது ஆட்குறைப்புக்கான சூழ்ச்சி என்றார். ஸ்பின்னிங் பிரிவில் எத்தனை பேர், கார்டிங் பிரிவில் எத்தனை பேர், பஞ்சு பேல் எங்கே பதுக்கப்பட்டிருக்கிறது, எல்லாம் நாக்கில் வந்து நின்றது, ஒன்றைக்கூடத் தேட வேண்டியிருக்கவில்லை. நிர்வாகம் நாளைக் காலைச் சங்கு ஊதுவதற்குள் கதவைத் திறக்காவிட்டால் செல்வநாயகி மில் தொழிலாளி ஒருத்தன்கூட வீட்டுக்குப் போகமாட்டான் என்றார். மேஜையைத் தட்டினார். அறை அடங்கிப்போனது. அவருக்குத் தெரியும் இந்த அடக்கம், எதிராளிக்குப் பதில் இல்லாதபோது வருவது. அந்தக் கழுத்து அட்டைக்காரப் பையன் தலையைக் குனிந்துகொண்டான், தண்ணீர் டம்ளரை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினான். அதிகாரி அம்மா பேனாவைக் கீழே வைத்தாள்.

"சார், அந்த மில்லு..." என்று தொடங்கியவள் பிலோமினாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "அங்க இப்ப அபார்ட்மென்ட் இருக்குங்களே" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள், சொன்னது அவருக்கா வேறு யாருக்கா என்று தெரியவில்லை. பிலோமினா எழுந்தாள். அவருடைய முழங்கைக்குக் கீழே ஒரு கை வந்தது, அழுத்தவில்லை, இருந்தது, அவ்வளவுதான், அவர் உட்கார்ந்திருந்தார்.

"தோழர் சொன்னது நாங்க எங்கிருந்து வர்றம்ங்கறதுங்க மேடம்," என்றாள் அவள். "இப்ப எங்க நிக்கறம்னு நான் சொல்லிர்றனுங்க."

"சரியாப் பேசினேனா?" என்று அவர் அவள் பக்கம் சாய்ந்து கேட்டார்.

"சரியாப் பேசினீங்க தோழர்."

அவர் தண்ணீரைக் குடித்தார். குளிர்ந்த தண்ணீர், பல் கூசியது. இந்தப் பெண் பேச ஆரம்பித்தாள், அவசரமில்லாமல், ஒவ்வொரு காகிதமாக மேஜையில் வைத்து. ஏதோ ஒரு கேண்டீன். அதில் வருஷக்கணக்காக அண்டா கழுவிய பெண்கள், விரல் இடுக்கெல்லாம் சோடாவில் வெந்துபோனவர்கள். காண்ட்ராக்டர் மாறினான், வேலை மாறவில்லை, ஆட்களை மட்டும் வயசானவர்கள் என்று தெருவில் நிறுத்திவிட்டார்கள். வெள்ளியங்கிரியம்மா என்று ஒருத்தி, கீழே மரத்தடியில் முன்னால் உட்கார்ந்திருக்கும் நெட்டையான அம்மா, புருஷன் கிடையில் கிடக்கிறான், வீட்டில் இவள் ஒருத்தி சம்பாத்தியம். கேட்கக் கேட்க அவருக்கு ரத்தம் சூடேறியது, எவ்வளவு பெரிய அக்கிரமம், இதற்கு உடனே ஒரு துண்டறிக்கை போட வேண்டும், கேட்டில் பந்தல் போட வேண்டும், ஊரையே திரட்ட வேண்டும். பேசும் பெண் நன்றாகத்தான் பேசுகிறாள், யாரோ நல்ல ஆள் பழக்கியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை வருஷம் சங்கத்தைச் சுமந்தவன் இங்கேயே உட்கார்ந்திருக்கும்போது, இப்படி ஒரு பிரச்சினை நடந்துகொண்டிருக்கிறது என்று ஒருத்தரும் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று குப்புராஜுக்குக் கோபம் கோபமாக வந்தது.